பாக்கியசீலன் வாத்தியாருக்குத் தாங்கும் வீடு

பாளையங்கோட்டையில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள். சுவரைத் தட்டுவார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், ஆசை முற்றிய பிறகு கடனுக்கு அலைவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் பாக்கியசீலனுக்கு இது காட்டுமிராண்டித்தனம். எவ்வளவு கடன் தாங்கும் என்று தெரியும்வரை எந்த வீட்டையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்றிருந்தார். விலைக்கு வந்த வீடு தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குடியிருந்த வீட்டையோ கிறிஸ்துமஸுக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

"வீட்டப் பாக்காம கணக்கையே பாத்துக்கிட்டு இருந்தா தெருவுலதான் கிடக்கணும்" என்றாள் மனைவி எலிசபெத்.

"பைய. தாங்குத தொகை தெரிஞ்சிட்டா வீடு தானா வந்து நிக்கும்."

அரிசி, எண்ணெய், சபைக்குக் கட்டும் சங்கப் பணம், தகப்பனாருக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் நான்கு ரூபாய் தாங்கும் என்று கண்டார். கண்டதோடு விடவில்லை. இல்லாத வீட்டுக்கு, வாங்காத கடனுக்கு, மாதாமாதம் தவணை எடுத்து வைத்து ஒத்திகை பார்த்தார். ஒத்திகையின் பாரம் எலிசபெத்தின் மீன்சட்டியில் இறங்கியது. ஆனாலும் கணக்கு ஜெயித்தது, முன்பணமும் சேர்ந்தது. மரக்கடை அப்பாத்துரையின் சின்ன ஓட்டு வீடு அந்தத் தொகைக்குள் கச்சிதமாக அடங்கியது. திங்கட்கிழமை முன்பணம், மீதிக்கு வீட்டையே நிதி ஆபீசில் அடமானம் வைப்பதென்று ஏற்பாடு.

அதற்கு முந்தின சனிக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள். காணிக்கையாக வந்த கோழியும் வாழைத்தாரும் ஏலம் போயின. ஒரு பூசணிக்காய்க்கு பாக்கியசீலன் மரியாதைக்காக ஒரு ரூபாய் கேட்டார். உடன் வேலை பார்க்கும் நேசையா வாத்தியார் இரண்டு என்று ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

"என்னவே, கர்த்தருக்குக் குடுக்கவும் கணக்கா?"

சபை சிரித்தது. பெண்கள் பக்கமும் சிரித்தார்கள். பாக்கியசீலனின் கணக்கில் காய்ச்சலுக்குக்கூட இடம் இருந்தது, இதற்கு இல்லை. பூசணிக்காய் பதினோரு ரூபாய்க்கு அவர் பேரில் முடிந்தது. முன்பணத்தில் அவ்வளவு குறைந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எலிசபெத் பாய் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அப்பாத்துரை, "பூசணிக்காய்க்கே பதினொண்ணு போட்ட கை, வீட்டுக்கு மட்டும் சுருக்குதீங்களே அண்ணாச்சி. அம்பது கூட்டிக் குடுங்க" என்றார்.

தாங்காது என்று சொல்ல வாத்தியார் வாயைத் திறந்தார். கடையில் நாலு பேர் நின்றார்கள். சரி என்று தலையை ஆட்டினார்.

நிதி ஆபீஸ் குமாஸ்தா காந்திமதிநாதன் பிள்ளையிடம் வரவு செலவு எழுதிய தாளை நீட்டினார். கூடுதல் கடன் தர முடியாது என்று அவராவது சொல்லிவிட்டால் கௌரவமாகத் தப்பிக்கலாம். பிள்ளை தாளை வாங்கவேயில்லை.

"இதெல்லாம் எதுக்கு? ஊரே உங்க கணக்கப் பத்திச் சொல்லுது. எவ்வளவு வேணுமோ வாங்கிக்கிடுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

"மாசம் எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டாள் எலிசபெத்.

"சுமார் அஞ்சாறு ரூவா இருக்கும்."

அந்த வாயிலிருந்து 'சுமார்' என்று அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. எழுந்து சாமான்களைக் கட்டத் தொடங்கினாள்.