இடப்பக்கத்து வண்டிகள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. வீடியோ கேம் கடையில் டோக்கன் விற்றபோது ஒட்டிக்கொண்ட 'டோக்கன்' என்ற பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. ஒட்டவைத்தவரையே கட்டிக்கொண்டால் எப்படிப் போகும்? அங்கே கார் ஓட்டும் மெஷினில் உட்கார்ந்தால் அந்த மனிதர் எழுந்திருக்க மாட்டார். அவர் கார் எதிலும் மோதி அவள் பார்த்ததில்லை. பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். இத்தனை வருஷத்தில் வேனில் ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெருமை அவரைவிட அவளுக்குத்தான் அதிகம்.

போன மாதம் குளியலறையில் தலை சுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரி என்றதும் எரிந்து விழுந்தார். "வெறும் மயக்கம். ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்."

படுத்துக் கிடந்தவருக்குப் பொழுது போகட்டும் என்று மகள் அந்தப் பழைய கார் ஆட்டத்தைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அதே ரோடு, அதே சிவப்புக் கார், காதைத் துளைக்கும் அதே பாட்டு. டோக்கனுக்குப் புல்லரித்தது. ஆனால் மனிதர் முதல் வளைவிலேயே மோதினார்.

"என்னங்க, நீங்களா இப்படி ஓட்டுறீங்க?"

"ஸ்டியரிங் இல்ல, பெடல் இல்ல. போன்ல போட்டுக் குட்டிச்சுவராக்கி வச்சிருக்கானுங்க!"

நியாயம்தான் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வந்தது. பழகாத கை என்றால் இரண்டு பக்கமும் அல்லவா இடிக்க வேண்டும்? வலப்பக்கத்து வண்டிகளை அலட்சியமாகத் தாண்டினார். இடப்பக்கத்தில் வந்ததை எல்லாம் இடித்தார். இடித்துவிட்டு, "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். கொஞ்ச நாளாக அவர் தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே மிஞ்சுவதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பசியில்லை என்று நினைத்திருந்தாள், பாவி!

"டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிட்டு அப்புறம் வேன் எடுங்க."

"விளையாட்டை வச்சு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா? நாளைக்கு வண்டிய எடுக்கத்தான் போறேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. வேன் இல்லாவிட்டால் மனிதர் இடிந்துபோவார். வாயை மூடிக்கொண்டிருந்தால், வேன் நிறையப் பிள்ளைகள்.

காலையில் அவர் துணியை எடுத்து வேனின் முன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று, சாப்பாட்டு டப்பாவோடு அவருக்கு இடப்பக்கம் போய் நின்றாள். முதலில் டப்பாவை நீட்டினாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்தான்.

அவர் துணியை உதறிவிட்டு வலப்பக்கம் திரும்பி வீட்டு வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"டோக்கன்! டப்பா எங்க? நேரமாச்சு!"

"இங்கதாங்க இருக்கேன்."

தூக்கிவாரிப்போட்டுக் கழுத்தை முழுசாகத் திருப்பினார். "எப்ப வந்த?"

"நீங்க துடைக்க ஆரம்பிச்சப்பவே."

அவர் அப்படியே தலையை இடப்பக்கம் திருப்பி வைத்துக் கண்ணாடியைப் பார்த்தார். வலது பாதி பளபளத்தது. இடது பாதியில் ஒரு மாதத் தூசி அப்படியே இருந்தது. அந்தத் தூசியில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, அவள் கையிலிருந்த டப்பாவின் மேல் வைத்தார்.

"பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போன் போட்டுடு" என்றார். "வேன் வராதுன்னு சொல்லு."