அம்மாவின் தகட்டை வாசிக்கக் கிள்ளான் வரை

போன மாதம் ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வழியாகக் கிள்ளானுக்குப் போய்வந்தேன். ஊர் சுற்றுவதற்காக அல்ல. என் அம்மா நாற்பத்திரண்டு வருடமாக இடுப்பில் கட்டியிருந்த செப்புத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிவதற்காக. வீட்டில் பழைய தாயத்தோ யந்திரமோ வைத்துக்கொண்டு, யாரிடம் காட்டுவது என்று யோசிப்பவர்களுக்கு இது உதவலாம்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடக்க இருந்தது. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று தாதி சொன்னதும், அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "இத அவுத்தா உனக்கு ஆகாது. வெவரம் தெரிஞ்சவங்க அவுக்கலாம்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். நான் பிறந்தபோது கிள்ளானில் ஒரு முஸ்லிம் பெரியவர் கட்டிவிட்டது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அம்மா அதைப் படம் எடுக்க விட்டார். தகட்டைத் தொட விடவில்லை.

காலை ஒன்பது மணிக்கு சுங்கை வேயிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு கிராப் வாடகைக் கார் எடுத்தேன். பதினெட்டு ரிங்கிட், இருபத்தைந்து நிமிடம். ஓட்டுநர் மலாய்க்காரர், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி படிக்கத் தெரிந்தவர். இறங்கும்போது படத்தைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து தெரிகிறது, ஆனால் இது அரபும் இல்லை, மலாயும் இல்லை என்று கைவிரித்தார்.

பிரிக்பீல்ட்ஸில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் யந்திரத் தகடும் எழுதித் தருகிறார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார்.

"நடுவுல ஒம்போது கட்டம் இருக்கு பாருங்க. எப்படிக் கூட்டினாலும் பதினஞ்சு வரும். நாங்களும் போடுவோம், சீனவங்களும் போடுவாங்க, முஸ்லிம்களும் போடுவாங்க. யாருகிட்ட இருந்து யாரு எடுத்தாங்கன்னு கேட்டா, ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க."

"கீழ உள்ள எழுத்து, அண்ணே?"

"அது எனக்குத் தெரியாது. தெரியாதத வாசிச்சுச் சொல்ல மாட்டேன்மா."

புதிய தகடு ஒன்றை என் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. கிள்ளானில் தனக்குத் தெரிந்த துணிக்கடைக்காரர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. அங்கிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில், கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள்தான். ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகும், குளிர்சாதனம் பல்லைக் கிட்டிக்க வைக்கும். அந்தக் கடைக்காரர் ஏடாகூடமாக ஏதாவது சொல்லிவிட்டால் அம்மாவிடம் பொய் சொல்வதா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்வது என்றுதான் முடிவெடுத்திருந்தேன்.

நிலையத்திலிருந்து தெங்கு கிளானா சாலைக்கு நடந்தே போகலாம். துணிக்கடை பாய்க்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக் குடும்பம். படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "இது அரபுத்தமிழ்மா. எழுத்துதான் அரபு, பேச்சு நம்ம தமிழு. சின்ன வயசுல மதரசாவுல படிச்சேன்."

விரலை வைத்து மெல்ல வாசித்தார். இரண்டாவது சொல்லிலேயே எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. பிள்ளை பெற்றவள் இதை நாற்பது நாள் கட்ட வேண்டும். நாற்பத்தோராம் நாள் கழற்றி ஓடும் தண்ணீரில் விட வேண்டும். அவ்வளவுதான்.

பாயின் சிரிப்பு நின்றது. "எத்தன வருசமாக் கட்டியிருக்காங்க?"

சொன்னேன். அங்கேயே அம்மாவை போனில் அழைத்து, பாய் வாசித்ததைச் சொன்னேன்.

"நாப்பது நாள்னு சொல்லித்தான் கட்டினாரு" என்றார் அம்மா. "எனக்குத் தெரியும். உனக்கு முன்னாடி ரெண்டு பொறந்து போயிருச்சு. ரெண்டும் ரெண்டு மாசங்கூடத் தங்கல. நாப்பத்தோராம் நாளு காலையில கத்திரிய எடுத்தேன். நீ என்னையே பாத்துக்கிட்டு இருந்த. எனக்குக் கை வரல."

எனக்கு முன்னால் யாரும் பிறந்ததாக அன்றுவரை எனக்குத் தெரியாது. போனை என் கையிலிருந்து பாய்தான் வாங்கினார்.

"அக்கா, கட்டுனது எங்க ஆளு, அதனால நான் சொல்றேன். அதோட வேல எப்பவோ முடிஞ்சிருச்சு. தைரியமா அவுத்துடுங்க."

"அவ வரட்டும்" என்றார் அம்மா. "அவளே அவுக்கட்டும்."

மாலை நான்கு மணிக்கு மருத்துவமனையில் அவிழ்த்தேன். கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கோடாகிக் கிடந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டில் இருக்கிறார், உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு.

நீங்கள் போவதாக இருந்தால்: வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நேரத்தில் இந்தக் கடைகள் பூட்டியிருக்கும். படத்தை வெயிலில் எடுங்கள், கீறல் எழுத்து அப்போதுதான் தெரியும். "தெரியாது" என்று சொல்பவரை நம்புங்கள். எங்கேயும் கிளம்பும் முன், அதைக் கட்டியிருப்பவரிடம் ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். நான் கேட்கவே இல்லை.

போன வாரம் அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரைக் கேட்டேன். மூத்தவன் குமரன். இரண்டாவது பெண். அவளுக்குப் பெயர் வைப்பதற்குள் போய்விட்டாளாம். வைக்க நினைத்திருந்த பெயரை அம்மா என் காதில் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.