பயந்தாங்கொள்ளியின் இரண்டாவது மைக்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பயந்தாங்கொள்ளி. ஒரு மைக் போதுமான இடத்தில் இரண்டு வைப்பாள். இரண்டாவது, சத்தத்தைக் கொஞ்சமாகவே வாங்கும்படி அதன் அளவைக் குறைத்தே வைப்பாள். கூடத்தார் கேலியை அவள் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. பதினெட்டு வருஷப் பிழைப்பு இப்படித்தான் ஓடியது.

அன்று காலை ஆஸ்பத்திரியில் வேலை. கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். பதினொரு மணிக்கு அறுவை சிகிச்சை, குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்குமுன் அவர் குரலைப் பிடித்துத் தரும்படி அவர் மனைவிதான் அவளை அழைத்திருந்தாள். மணி பத்தேகால். கட்டில் பக்கத்து மேசையில் ஒரு மைக்குக்குத்தான் இடம். பயந்தாங்கொள்ளி தண்ணீர் பாட்டிலைத் தரையில் இறக்கிவிட்டு இரண்டாவதையும் வைத்தாள்.

முப்பது வருஷம் பஸ்ஸே அதிரக் கத்திய மனுஷர், மைக்கைக் கண்டதும் முணுமுணுத்தார். மைக்குக்குள் இருப்பது ஒரு மெல்லிய தகடு. காற்று அதிர்ந்தால் அதுவும் அதிரும். அந்த அதிர்வு மின்சாரமாகி, பதிவுப் பெட்டிக்குள் நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் தடவை அளக்கப்பட்டு எண்களாகும். தகடு அசைந்தால்தானே! வேறு வழியில்லாமல் முதல் மைக்கின் அளவை ஏற்றினாள். ஏற்றவும் பயம்தான். அந்த எண்களுக்கு ஓர் உச்சி உண்டு. அதைத் தாண்டும் சத்தத்தின் தலையைப் பெட்டி சீவிவிடும். சீவியதை எந்த மந்திரவாதியாலும் ஒட்டவைக்க முடியாது.

அரைமணி நேரத்தில் உருப்படியாக ஒரு வாக்கியம் தேறவில்லை. பத்தே முக்காலுக்கே சக்கர நாற்காலி வந்துவிட்டது. மனைவி பதறிப்போய்க் கண்ணாடியைத் தேடினாள், செருப்பைத் தேடினாள், அவர் போர்வையை இழுத்து இழுத்து விட்டாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி இப்படிப் பறக்குற? நான் என்ன ஊரவிட்டா ஓடப்போறேன்? உக்காரு. வந்துடுவேன்."

அறையே அதிர்ந்தது. பெட்டியில், சத்தம் உச்சியைத் தாண்டிவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குள் நாற்காலி வாசலைத் தாண்டிவிட்டது. இனி இன்னொரு தடவை பேசச் சொல்ல வழியில்லை.

ஹெட்போனை மாட்டினாள். முதல் மைக்கில் அந்தக் குரல் நொறுங்கிக் கிடந்தது, யாருடையதோ போல. இரண்டாவது மைக்கில் பதிந்ததை ஓடவிட்டாள். சன்னமாக, ஆனால் முழுசாக இருந்தது. ஒலியைக் கூட்டினாள். கண்டக்டர் பிசிறில்லாமல் கத்தினார்.

ஹெட்போனை மனைவியிடம் நீட்டினாள். "நல்லதா நாலு வார்த்தை பிடிக்க முடியலக்கா. திட்டினது மட்டும்தான் இருக்கு."

மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"வந்துடுவேன்னுதானே சொல்றாரு. இன்னொரு தடவை போடும்மா."

போட்டாள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த மனைவி, அவர் சொன்னபடி கட்டிலில் உட்கார்ந்தாள்.