துரு ஏறாத இடம்

2010 மாரியில், பாரிஸ் லா சப்பலில் என் வீட்டுக் குளியலறையில், ஒரு துவக்குக் குழலுக்குத் துரு ஏற்றிக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள்.

துவக்கு என்னுடையதல்ல. நான் வேலை செய்த உணவகத்தின் செஃப், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சங்கத்தில் பழங்காலத்துத் துவக்குச் சுடுபவர். வாய்ப்பக்கமாக மருந்தும் குண்டும் போட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடும் வகை. அப்படி ஒன்றை உதிரிப் பாகங்களாக ஒரு பெட்டியில் வாங்கியிருந்தார், தானே பூட்டிப் பார்க்கிற ஆசையில். அதற்குள் மணிக்கட்டில் ஒப்பரேசன் வந்துவிட்டது. நான் கத்தி தீட்டுவதைப் பார்த்து எனக்குப் பொறுமை அதிகம் என்று முடிவு செய்து, பெட்டியை என்னிடம் தந்தார்.

அது பொறுமை இல்லை. ஊரில் சண்டை முடிந்த முந்தின வருட மே மாதத்துக்குப் பிறகு கையில் எதைத் தந்தாலும், போதும் என்று யாராவது சொல்லும்வரை செய்துகொண்டிருந்தேன். வெங்காயம் என்றால் வெங்காயம், பித்தளை என்றால் பித்தளை.

துவக்கு வீட்டுக்குள் வேண்டாம் என்றாள் மனைவி. வன்னியில் வயல் செய்துகொண்டிருந்த அவளுடைய ஒரே தம்பி அந்த மே மாதத்தோடு காணாமல் போனவன். முகாம்களில் விசாரித்தோம், படத்தை அனுப்பினோம். கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினேன். குழலையும் கட்டையையும் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இது இடியன்," என்றாள். "அவனும் பன்றிக்கு ஒண்டு வைச்சிருந்தவன்."

அதோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரூ பெர்தொனேத் தெருக் கடையொன்றில் தேநீர் குடிக்கும்போது இதை ஒரு நண்பனிடம் சொல்லித் தொலைத்தேன். "எல்லாம் முடிஞ்சாப்பிறகு துவக்குச் செய்யிறியோ? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வடையைத் தின்று முடித்தேன்.

மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் இடைவேளையில் வீட்டுக்கு வந்து வேலை செய்வேன். கட்டையை மண்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால், மரத்தின் நார் மயிர்போல எழும்பும். காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். நார் எழும்பாமல் அடங்கும்வரை இதே வேலை. மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போது மேசை நடுங்கும். அரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயில் போகும்வரை இருப்பேன். மருந்தைப் பற்றவைக்கத் தட்டும் குதிரையும் விரலால் இழுக்கும் விசையும் பொருந்தின. கட்டைக்கு எண்ணெய் ஊட்டினேன். அழகாகத்தான் வந்தது. அழகு என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் நல்லெண்ணெய் வைத்து முழுகாமல் ஒருநாளும் இருந்தவள் அல்ல. செத்த வீட்டுத் துடக்கில், அந்தத் தீட்டு நாட்களில்தான், எங்கள் ஆட்கள் எண்ணெய் வைப்பதில்லை. காரியங்கள் முடிந்ததும் முழுகித் துடக்கைக் கழிப்பார்கள். ஐயரைப் பிடித்து, செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டியைச் செய்துவிடுங்கள் என்று சொந்தக்காரர் புறநகர் கார்ஜிலிருந்து வந்து சொல்லிப் பார்த்தார்கள். உயிரோடு இருப்பவனுக்கு யார் அந்தியேட்டி செய்வது என்று திருப்பிக் கேட்டாள். செத்தான் என்றும் சொல்லமாட்டாள், எண்ணெயும் வைக்கமாட்டாள். காய்ந்த தலையோடு வேலைக்குப் போய் வந்தாள்.

கடைசி வேலை குழல். துரு பிடிக்கவைக்கிற மருந்தைப் பூசி ஈரமான இடத்தில் தொங்கவிட வேண்டும். மறுநாள் மெல்லிய துரு பிடிக்கும். அதைத் தேய்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். சில நாளில் பழங்காலத்துத் துவக்கின் பழுப்பு நிறம் இரும்பில் இறங்கிவிடும். ஊரில் மண்வெட்டியைத் துருவிலிருந்து காப்பாற்றவே பாடுபட்ட எனக்கு இது பெரிய பகிடி. வெறுங்கையால் தொடக்கூடாது, எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் துரு ஏறாது என்று செஃப் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். உணவகத்துக் கையுறை போட்டுக்கொண்டு காலையில் பூசி, குளிக்கும் தொட்டிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் இடைவேளையில் பார்த்தேன். குழல் முழுக்கச் செம்மஞ்சளாகத் துரு. நடுவில் மட்டும் மேற்பக்கம் ஒரு பெருவிரல், அடிப்பக்கம் நாலு விரல், வெள்ளை இரும்பாகவே இருந்தன. எனக்கு எரிச்சல் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் எரிச்சல் என்பதால் யார் தொட்டது என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவள் வாசலில் வந்து நின்றாள். "முழுக வேணுமெண்டு இதை எடுத்து அங்கால வைச்சனான்."

"நீர் முழுகினால் முழுகும். எண்ணெய்க் கையைத் துடைச்சுப்போட்டெல்லோ தொட்டிருக்க வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவளுடைய தலையைப் பார்த்தேன். எண்ணெய் படிந்து, வகிடு எடுத்து, பின்னியிருந்தாள். முதல்நாள் வெள்ளிக்கிழமை, அந்த மாதத்தின் கடைசி வெள்ளி. அன்றிரவும் இன்று காலையும் அதே தலையோடு எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

"ஐயரிட்டை ஒரு நாள் கேளுங்கோ," என்றாள்.

ஓம் என்றேன். கட்டிப்பிடித்திருக்கலாம். கையில் குழல் இருந்தது. அவள் போய் உலை வைத்தாள். எனக்கு அழுகை வரும் என்று தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பார்த்தேன். வராததால் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

மேலே இருந்த பெருவிரலைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி மருந்து பூசினேன். அடியில் இருந்த நாலு விரலையும் விட்டுவிட்டேன். பூட்டினால் அந்தப் பக்கம் மரத்துக்குள் போய்விடும். துவக்கைத் தூக்கிப் பார்த்த செஃப் நல்ல கையோடு ஒப்பரேசன் செய்த கையாலும் என் தோளில் தட்டிக்கொடுத்தார். சுடுகிற அன்றைக்கு என்னையும் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

கோயிலுக்கு இருவரும் போனோம். விபரத்தைச் சொன்னதும் ஐயர் பஞ்சாங்கத்தை எடுத்து, ஆள் மோசம்போன நாள் எது, திதி பார்க்க வேண்டும் என்றார். நாள் தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசையில் வைக்கிறார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "போன மாதம், கடைசி வெள்ளிக்கிழமை."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் அந்த வெள்ளிக்கிழமையைத் தேடத் தொடங்கினார்.