எஸ்தர் அக்காவின் பத்தில் ஒன்று

எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பி.காம். பட்டத்தைத் தூக்கிக்கொண்டு புனே வந்து, வரி ஆலோசகர் விஸ்வேஸ்வரனிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே கற்றதில் பாதி, சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத அழுக்கு.

எஸ்தர் அக்கா விஷ்ராந்த்வாடியில் மெஸ் நடத்தினார். நானும் அங்கேதான் சாப்பிட்டேன். அக்கா திருநெல்வேலிக்காரர். ராணுவ டிப்போவில் கிளார்க்காக இருந்த கணவர் ஆபிரகாம் நெஞ்சுவலியில் போனபின் அடுப்பைப் பற்றவைத்தவர். இருபது பேர், ஆளுக்கு மாதம் தொள்ளாயிரம். பணம் கைக்கு வந்ததும் பத்தில் ஒரு பங்கைத் தனி உறையில் போடுவார். சர்ச்சுக்கான தசமபாகம். அதுவும் லாபத்தில் அல்ல, வந்த மொத்தத்தில்.

"செலவு போக மிஞ்சினதுல குடுத்தாப் போதாதாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கர்த்தர் என்ன, மிச்சம் மீதிக்கா காத்துக்கிட்டு இருக்காரு? பேசாம சோத்தத் தின்னுலே."

அந்த ரசீதுகள்தான் வினையாயின. 1998இல் அக்காவின் வரிக்கணக்கைத் தாக்கல் செய்த விஸ்வேஸ்வரன், வருமானம் ஐம்பத்தெட்டாயிரம் என்று சரியாகத்தான் காட்டினார். கூடவே, வரிக்கழிவு கிடைக்கும் என்று சர்ச் ரசீதுகளையும் படித்துப் பார்க்காமல் பின் குத்தி அனுப்பிவிட்டார். ஒவ்வொன்றிலும் 'தசமபாகம்' என்று எழுதியிருந்தது. மொத்தம் இருபத்தோராயிரத்து அறுநூறு. சில மாதங்களில் நோட்டீஸ் வந்தது: பத்தில் ஒன்று இவ்வளவு என்றால் வருமானம் இரண்டு லட்சத்துக்கு மேல். மீதி எங்கே? கணக்குடன் நேரில் வரவும்.

அக்கா மெஸ் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மறைச்சிருக்கீங்களேம்மா!" என்றார் விஸ்வேஸ்வரன், வாய் கூசாமல்.

"நான் எதையும் மறைக்கல சார். அது மொத்த வரவு. செலவெல்லாம் இந்த நோட்டுல இருக்கு."

செத்த எலியைத் தள்ளுவதுபோல ஒற்றை விரலால் நோட்டைத் தள்ளினார். "மஞ்சக் கறையும் எண்ணெயுமா! தமிழ்ல வேற. இதைக் காட்டினா சிரிப்பாங்க. பதினஞ்சாயிரம் குடுங்க, வரி ஆபீஸ் சாகிப்கிட்ட நான் பேசிக்கறேன். இல்லைன்னா மெஸ்ஸுக்குப் பூட்டுதான்."

அக்கா பெரிய கிரைண்டர் வாங்கச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்து மேசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

விசாரணைக்கு விஸ்வேஸ்வரன் போகவில்லை. "நீ போய் வாய்தா வாங்கிட்டு வா, போதும்" என்றார். நான் வாய்தா கேட்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அக்காவின் நோட்டை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி ஒரு மராத்திப் பெண்மணி. என் தாளைப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினார். காய்கறிச் செலவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் மராத்தியில் ஒரு கிறுக்கல்.

"இது என்ன?"

"சப்ஜிவாலா கிஷன் கையெழுத்து, மேடம்" என்றார் அக்கா இந்தியில். "அவன் பில் தரமாட்டான். கையெழுத்துப் போடாம நான் காசு தரமாட்டேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். சர்ச் ரசீதுக்குக் கழிவு கிடையாது, அதற்கு வரி ஆயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும், மற்றபடி கணக்கு சரி என்றார். கிளம்பும்போது, "உங்கள் ஆலோசகர் யார்? நான் பார்த்ததே இல்லையே!" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். படியிறங்கியதும் ரிக்ஷாவை நேரே எங்கள் ஆபீசுக்கு விடச் சொன்னார்.

"சார், அந்தப் பதினஞ்சாயிரத்துக்கு ஒரு ரசீது."

"இதுக்கெல்லாம் யாரும்மா ரசீது தருவாங்க?"

"கோயில்ல பத்து ரூவா போட்டாலும் சீட்டு தாராவ. சரி, நானே எழுதிக்கிடுதேன்." நோட்டைப் பிரித்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "விஸ்வேஸ்வரன் சார், சாகிப்புக்குன்னு வாங்கினது, பதினஞ்சாயிரம். இங்க ஒரு கையெழுத்து போடுங்க. அடுத்த வருசம் மேடம் கேட்டா காட்டணும்லா?"

ஒரு விரலால் தள்ளிய அதே நோட்டை விஸ்வேஸ்வரன் இப்போது இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து பத்தாயிரத்தை எண்ணி வைத்தார். "அஞ்சு என் ஃபீஸ்" என்றார். எந்த வேலைக்கு? நான் வாயைத் திறக்குமுன் அக்கா கை காட்டித் தடுத்தார். எழுதியதை அடித்துவிட்டு, 'ஃபீஸ் ஐயாயிரம்' என்று மாற்றி எழுதி, சப்ஜிவாலாவிடம் வாங்குவதுபோலவே கையெழுத்து வாங்கினார்.

வெளியே வந்ததும் பத்தாயிரத்தை முந்தானையில் முடிந்துகொள்ளாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றினார்.

"கிரைண்டர் இன்னிக்கே பாத்துரலாமாக்கா?"

"மொதல்ல வரியக் கட்டுவோம். அந்த ஆளு மேசையில கெடந்த துட்டு. வீட்டுக்குள்ள இத அப்படியே கொண்டு போவ எனக்கு மனசு வரல. நீயும் வேற எடம் பாருலே."

அந்த மாதச் சம்பளம்கூட வாங்காமல் விஸ்வேஸ்வரனிடமிருந்து நின்றுகொண்டேன்.