ஏறுதா, இறங்குதா

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அவளை எல்லோரும் மில்லி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேன் எடுப்பவள். வயது நாற்பத்தொன்பது. இருபது வருஷம் கர்ப்பிணிகளின் வயிற்றில் குழந்தையைத் தேடிக் காட்டியவளை, இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆய்வுக்கு மாற்றிவிட்டார்கள். ஆய்வை நடத்தியது ஒரு டாக்டரம்மா. இடுப்பெலும்புக்கு அடியில் மூத்திரப்பையையும் கருப்பையையும் சரியவிடாமல் தாங்கிக்கொண்டு ஒரு தசைத்தளம் இருக்கிறது. எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கு அது எவ்வளவு அசைகிறது என்று தெரிந்தால்தானே, தளர்ந்து போனவளுக்கு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியும்? அதற்காக அறுபது ஆரோக்கியமான பெண்கள் தேவை என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

வருகிற பெண் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே ஜெல் தடவிக் கருவியை வைத்தால், நிரம்பிய மூத்திரப்பை திரையில் கறுப்பாகத் தெரியும். அதன் அடிவிளிம்பில் மில்லி அக்கா ஒரு புள்ளி வைப்பாள். "ஒன்னுக்குப் போறப்ப பாதியில நிறுத்துவோம்ல, அந்த மாதிரி உள்ள இழுங்கம்மா" என்பாள். விளிம்பு மேலே ஏறும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர், சிலருக்கு ஐந்து. மூன்று தடவை இழுக்கச் சொல்லி, பிறகு இருமச் சொல்லி, அப்புறம் நிற்கவைத்து எல்லாவற்றையும் மறுபடி எடுப்பாள். மில்லி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்புதாங்க, ஏறுதா இறங்குதான்னு பாக்குறது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆயிரம் தடவை கேட்டவள் என்பதால் அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சேதி ஆஸ்பத்திரிக்குப் போனில் வந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் ஸ்கேன் அறைக்குள் வந்து, அவள் காதோடு சொன்னாள். படுக்கையில் ஒரு பெண் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். இன்னும் நான்கு அளவு பாக்கி. மில்லி அக்கா தலையாட்டினாள். "இன்னொரு தடவ இழுங்கம்மா. விடுங்க. இப்ப இருமுங்க." நான்கையும் எடுத்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, கருவியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். இருபது நிமிஷம்.

அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், யாருடைய செருப்போ மழையில் நனைகிறது என்று உள்ளே எடுத்து வைத்தாள். இருபது நிமிஷக் கதை எப்படியோ புருஷனின் தங்கை காதுக்குப் போயிருந்தது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசில் ஊதிப் பழகிய தொண்டை. கூட்டத்துக்கு நடுவே கத்தினாள்.

"எங்கண்ணன் செத்துக் கெடக்குறான், நீங்க அளவெடுத்து முடிச்சுட்டு வந்தீங்களா? உங்க நெஞ்சுல என்னதான் இருக்கு?"

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அடுத்த எட்டு மாசம் அவளுக்கு அப்படித்தான் போனது. சமைத்தாள், சாப்பிட்டாள், பஸ் ஏறினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தால் இறங்கினாள். அளவுகளில் மட்டும் ஒரு பிழை கிடையாது.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. பதிவுத்தாளில் எண் நாற்பத்தேழு, வயது நாற்பத்திரண்டு, இரண்டு குழந்தைகள். கதவைத் திறந்துகொண்டு வந்தவள் நாத்தனார்.

மில்லி அக்கா ஒரு நிமிஷம் தாளையே பார்த்தாள். "இன்னிக்கு நான் மட்டுந்தான் இருக்கேன், சின்னு. நாளைக்கு வந்தா வேற ஆளு எடுப்பாங்க."

"தெரிஞ்சுதான் வந்தேன் அண்ணி. நீங்களே எடுங்க."

முதலில் கேள்விகள். "இருமுறப்ப, தும்முறப்ப, குதிக்கிறப்ப கொஞ்சமாவது சொட்டுதா?"

"இல்ல."

பன்னிரண்டு கேள்விக்கும் இல்லைதான். காலோடு கால் பின்னி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பதில் சொன்னாள்.

படுக்கவைத்துப் புள்ளி வைத்தாள். "இழு." விளிம்பு ஏறவில்லை. இறங்கியது. "மூச்சப் பிடிச்சு முக்காத சின்னு, மேல இழு." மறுபடியும் நான்கு மில்லிமீட்டர் கீழே. இழுக்கத் தெரியாமல் முக்குகிறவர்கள் உண்டு. அவள் அதை எழுதிக்கொண்டாள். "இப்ப இருமு."

சின்னு கொஞ்சம் தயங்கி இருமினாள். திரையில் கறுப்பு சட்டென்று கீழே சரிந்தது. படுக்கை விரிப்பில் ஈரம் பரவியது. சின்னு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மில்லி அக்கா கருவியை வைத்தாள். அலமாரியிலிருந்து விரிப்பும் மாற்றுப் பாவாடையும் எடுத்து வந்தாள். "பாத்ரூம் போயிட்டு வா. கதவு அந்தப் பக்கம்" என்றாள்.

திரும்பி வந்தவள் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாள். "ஒரு வருஷமா நான் குதிக்கல அண்ணி. நாற்காலில உக்காந்து விசில் ஊதுறேன். முட்டி வலின்னு சொல்லி வெச்சிருக்கேன். அவரு நெசமுன்னு நம்பி ரெண்டு பாட்டில் தைலம் வாங்கியாந்துட்டாரு. தெனமும் முட்டியில தேச்சுக்கிறேன்."

"டாக்டர்கிட்ட போக வேண்டியதுதான?"

"போய் என்னன்னு சொல்றது? இங்க 'ஆரோக்கியமான பெண்கள்'னு போட்டிருந்துச்சு. ஒன்னும் சொல்லாமயே பாத்துருவாங்களேன்னு வந்தேன்."

மில்லி அக்கா எண் நாற்பத்தேழுக்கு நேரே, கணக்கில் சேராது என்று ஒரு கோடு இழுத்தாள்.

"எழுதப் போறீங்களா?"

"எழுதணும். பேரு இருக்காது."

சின்னு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு யாரு அண்ணி படுத்திருந்தா?"

எந்த அன்றைக்கு என்று மில்லி அக்கா கேட்கவில்லை. "ஒரு தபால்கார அம்மா."

"ஏன் முடிச்சீங்க?"

"ஒரு மணி நேரமா அடக்கிக்கிட்டுப் படுத்திருந்தாங்க. பாதியில விட்டா இன்னொரு நாள் வந்து மறுபடி தண்ணி குடிச்சு அடக்கணும். அது மட்டுந்தான் அப்ப தோணுச்சு. வேற எதுவுமே தோணல சின்னு. இப்பவும் தோணல."

சின்னு மாற்றுப் பாவாடையின் நாடாவை இறுக்கிக் கட்டினாள். பிறகு, "அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாங்க."

டாக்டரம்மாவிடம் ஓர் ஆள் குறைகிறது என்று சொன்னபோது முகம் சுளித்தார். இன்னாருக்கு இன்ன பிரச்சினை என்று விளக்கியதும், "அஞ்சு மணிக்கு மேல மெஷின் சும்மாதான கெடக்கு, அதுல காட்டி இழுக்கச் சொல்லிக்குடுங்க" என்றார். கீழ்த்தளத்தில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை தோறும் சின்னு வந்தாள். ஊருக்கெல்லாம் கை காலைத் தூக்கச் சொல்லித் தருகிறவளுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தூக்கத் தெரியவில்லை. "இதுக்கு மார்க் போட்டா நான் பெயிலு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஆறு வாரம் விளிம்பு இறங்கிக்கொண்டே இருந்தது. ஏழாவது வாரம் அசையாமல் நின்றது. ஒன்பதாவது வாரம் இரண்டு மில்லிமீட்டர் ஏறியது.

சின்னு படுத்தபடியே கூச்சல் போட்டாள். மில்லி அக்கா இரண்டு என்று எழுதினாள். தனக்கும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தாள்.

ஐந்தாவது மாசம் ஏற்றம் ஆறு மில்லிமீட்டர் ஆனது. பள்ளிக்கூட மைதானத்தில் கயிறு தாண்டிப் பார்த்ததாகச் சின்னு வந்து சொன்னாள். ஏழு தாண்டியபின் எட்டாவதில் லேசாகச் சொட்டிவிட்டதாம். "பரவால்ல, தைலத்த நிறுத்திட்டேன். அவருகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். மனுஷன் பாட்டிலத் திருப்பிக் குடுக்க முடியுமான்னு கேக்குறாரு!" சிரித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு அழுகை வந்துச்சா அண்ணி, அப்புறமாவது?"

"இல்ல."

"வரலேன்னா போகுது. ஞாயித்துக்கெழம சாப்பிட வாங்க."

ஆய்வு அந்த வருஷமே முடிந்தது. சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் அறுபதாவது ஆளாக வந்து படுத்தாள். மில்லி அக்காவை மறுபடி கர்ப்பிணிகளிடம் அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறாள். ஜன்னலோர நாற்காலி அவளுடையது என்று ஆகிவிட்டது. அங்கே டி.வி. சத்தத்துக்கும் பிள்ளைகள் சண்டைக்கும் நடுவே அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வேண்டாம் என்று சொன்னாலும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். "பசிக்குதா அண்ணி?" என்று கேட்டால் இன்னமும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்கிறாள். தெரியல என்பாள். சில வாரம், கொஞ்சம் பசிக்குது என்பாள்.