சித்தி படிக்காத கட்டுரை

அந்தக் கல்லூரிக்கு நூறு பேர் மனுப் போட்டால் நாலு பேருக்குத்தான் இடம் கிடைக்கும். மீதிப் பேரை மனம் நோகாமல் திருப்பி அனுப்புவதற்கென்றே அங்கே ஓர் அலுவலகம் உண்டு. அதில் சித்திக்கு வேலை. அக்கா மகளுக்கு அவள் சித்தி. வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிப்போய், அக்கா வீட்டுக்காரரே சில நாள் வாய் தவறிச் சித்தி என்று கூப்பிட்டுவிட்டு அசடு வழிவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மனுப் போடுகிற பிள்ளைகள் எல்லோருமே மதிப்பெண்ணில் புலிகள் என்பதால் அதை வைத்து யாரையும் கழித்துவிட முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். கூடவே ஓர் ஆசிரியர் சான்றுரை தர வேண்டும். இரண்டையும் படித்து, இது மேலே குழுவுக்குப் போகட்டும், இது வேண்டாம் என்று பிரிக்கிற முதல் வாசகர்களில் சித்தி ஒருத்தி. செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் காலை மடித்துப்போட்டு உட்கார்ந்து, உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பாள். கட்டுரை பிடித்துப்போனால் உதடு தானாக நின்றுவிடும். உதடு நின்றால் அந்தப் பிள்ளை பிழைத்தது என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். பக்கத்து மேசைக்காரர் வேறு ரகம். ஆசிரியர் சொன்னதை முதலில் படித்துவிட்டுத்தான் கட்டுரையையே தொடுவார், பெரும்பாலும் வேண்டாம் என்று எழுதுவார். அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்தவளே சித்திதான்.

சித்தி தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். சாப்பாட்டு மேசையில் அவள் வைத்ததுதான் சட்டம். எந்தப் பிள்ளையின் பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டாள், அதில் கறார். ஆனால் நடித்துக் காட்டுவாள். “சிறு வயது முதலே எனக்குச் சேவை மனப்பான்மை அதிகம்” என்று கண்ணை மேலே சொருகிக்கொண்டு அவள் ஆரம்பித்தால் அக்கா வீட்டுக்காரருக்குப் புரை ஏறும். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தணித்துக்கொண்டு உபதேசம் வரும். பரிசு, பதக்கம் என்று வரிசையாக அடுக்கினால் தனக்குக் கொட்டாவிதான் வரும் என்பாள். ஒரு பையன் வீட்டில் ஒழுகுகிற குழாயைப் பற்றி மட்டும் எழுதியிருந்தானாம். அன்றைக்கு உதடு மட்டுமல்ல, மூச்சே நின்றுவிட்டதாம். சின்ன விஷயத்தில்தான் ஆள் தெரியும் என்று முடித்துவிட்டுத் தட்டைப் பார்ப்பாள். அக்கா இன்னொரு கரண்டி வைப்பாள்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அக்கா மகள். அவளுக்குப் பாலம் என்றால் பைத்தியம். அட்டை, குச்சி, நூல், பசை, கையில் எது கிடைத்தாலும் பாலமாகிவிடும். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே அதை நிறுத்தி, நடுவில் ஒரு தட்டைத் தொங்கவிட்டு, அப்பாவின் இரும்பு எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றுவாள். எங்கே உடையும் என்று முன்கூட்டியே பென்சிலால் குறித்து வைப்பாள். சொன்ன இடத்தில் உடைந்தால் வீடே அதிரக் கைதட்டிக்கொள்வாள். அடக்கம் என்பது கிலோ என்ன விலை என்று கேட்கிற பெண். நாட்டில் இருக்கிற பள்ளிகள் எல்லாம் கலந்துகொண்ட போட்டியில் முதல் பரிசு வாங்கிவந்தபோது, இரண்டாவதாக வந்த பாலத்தில் என்ன தப்பு என்று மூன்று நாள் விளக்கினாள். வாயை மூட வைப்பதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தப் பரிசுக் கோப்பையில் இப்போது கரண்டிகள் நிற்கின்றன.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனுக்கள் வந்து குவிகிற பருவம். சித்தி கண் எரிச்சலோடு வந்து உட்கார்ந்தாள். அந்த வருடம் என்னவோ பொறியியல் கனவு கண்ட பிள்ளைகள் எல்லோரும் பேசி வைத்தாற்போல் ஒன்றையே எழுதித் தள்ளியிருந்தார்கள். “பாலம் கட்டினவங்க மட்டும் எத்தனை பேரு தெரியுமா? எல்லாத்தையும் சேர்த்து வச்சா பாதி உலகத்தை இணைச்சுடலாம்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மகளும் சிரித்தாள். சித்திக்கு அந்த நேரத்தில் அவள் நினைவே இல்லை, அதுதான் வேடிக்கை. பக்கத்து அறையில் பசை காய்ந்துகொண்டிருந்த பாலத்தைத் தாண்டித்தான் சித்தி கை கழுவப் போனாள்.

அடுத்த வருடம் அக்கா மகளும் அதே கல்லூரிக்கு மனுப் போட்டாள். அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பாலங்களை உடைத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய கூடம் வைத்திருக்கிற கல்லூரி அது ஒன்றுதான். சித்தி அன்றே வீட்டில் சொல்லிவிட்டாள். “நானும் ஒண்ணும் கேக்க மாட்டேன், நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க.” சொன்னபோது தன் நேர்மையை நினைத்து அவளுக்கே உச்சி குளிர்ந்தது.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் யாராவது மனுப் போட்டால் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். அந்த மனு அடுத்த வாசகருக்குப் போய்விடும். சித்தி முதல் ஆளாகத் தெரிவித்தாள். மனு கத்தரியின் மேசைக்குப் போயிற்று. அந்த மேசையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லாம் சரிதான். ஆனால் மனு தன்னிடம் வராது என்பதை அக்கா வீட்டில் மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அலுவலக விஷயம் வீட்டில் எதற்கு என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

உண்மையான காரணம் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அக்கா அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். சன்னலோரம் வெயில் விழுகிற நாற்காலி சித்திக்கு. முதல் கரண்டி சித்திக்கு. அக்கா வீட்டுக்காரர், அரசியல் பேசினால் இரண்டில் ஒன்று பார்க்காமல் விடாத மனிதர், சித்தி சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “நாங்க ஒண்ணும் கேக்கல” என்று அக்கா ஒரு மாதிரியாகச் சிரித்தாள். சித்தியும் ஒரு மாதிரியாகச் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

முடிவு வந்தது. இடம் இல்லை. சித்தி தொலைபேசியில் கூப்பிட்டபோது அக்கா எடுத்தாள், “இருக்கட்டும்” என்று ஒரே வார்த்தை சொன்னாள், வைத்துவிட்டாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

முடிவு வெளியான பிறகு பேசலாம் என்பதால் மறுநாள் தேநீர் நேரத்தில் கத்தரி தானே வந்து எதிரில் உட்கார்ந்தார். சித்தி சண்டைக்குத் தயாராக இருந்தாள். அவரோ வருத்தமாகத்தான் பேசினார். வாசல் அழைப்பு மணி கெட்டுப்போனதை அந்தப் பெண் சரி செய்ததைப் பற்றி எழுதியிருந்தாளாம். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம்.

“நீங்க பேசற மாதிரியே இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு யாருன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல. டீச்சர் என்னவோ பாலம் பாலம்னு எழுதியிருந்தாங்க. இவ அதைப் பத்தி மூச்சே விடல. சரி, டீச்சர்தான் மிகையா எழுதிட்டாங்கன்னு விட்டுட்டேன்.”

சித்தி முகத்தில் ஈயாடவில்லை. அந்த அழைப்பு மணி அவளுக்குத் தெரியும். ஒரு கம்பி கழன்றிருந்தது. பத்து நிமிட வேலை. அவள் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் ஸ்டூல் போட்டு ஏறி முறுக்கிவிட்டாள், இறங்குவதற்குள் அதை மறந்தும்விட்டாள்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். மணி அடித்தது, நன்றாகத்தான் அடித்தது. அக்கா கதவைத் திறந்துவிட்டு அப்படியே உள்ளே போய்விட்டாள். அக்கா மகள் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையில் தட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. அது இவ்வளவு பெரிய மேசை என்று சித்திக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

“நீங்க சிரிக்கணும்னு எழுதினேன் சித்தி,” என்றாள் அவள். “உதடு நிக்கலையா?”

“நான் அதைப் படிக்கவே இல்லம்மா. சொந்தக்காரங்க மனு எங்ககிட்ட வராது. அடுத்தவங்ககிட்ட போயிடும்.”

“இந்த வருஷம்தானா?”

“எப்பவுமே அப்படித்தான்.”

அந்தப் பெண் தாளின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அப்புறம், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அலுவலக ரகசியம் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பதிலைச் சித்தி விட்டுவிட்டாள்.

“எல்லாரும் என்னை நம்பி இருந்தீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு,” என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். “பாலத்தைப் பத்தி ஏன் எழுதாம விட்ட?”

அக்கா மகள் கண்ணை மேலே சொருகிக்கொண்டாள். அதே குரல், அதே இழுப்பு. “எல்லாத்தையும் சேர்த்து வச்சா பாதி உலகத்தை இணைச்சுடலாம்.” அச்சு அசலாகச் சித்தியேதான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

சித்திக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. யாரோ முகம் தெரியாத பிள்ளைகளை வைத்து அவள் சிரித்த ஒவ்வொரு சிரிப்பையும் இந்தப் பெண் ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள். சித்திக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று அவளுக்கு அத்துப்படி. படிக்கப்போவது சித்தி இல்லை என்று தெரிந்திருந்தால் அந்தப் பெண் தன் பாலத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பாள்.

வேறொரு ஊர்க் கல்லூரிக்கு இன்னும் நாள் இருந்தது. அங்கே பெரிய கூடம் எல்லாம் கிடையாது, ஆனாலும் நல்ல கல்லூரிதான், அங்கேயும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்புதான். அந்தத் தாள் அதற்காக. அக்கா மகள் அதைச் சித்தியின் பக்கம் தள்ளினாள்.

“என்ன எழுதணும்னு சொல்லுங்க, அப்படியே எழுதறேன்.”

சித்திக்கு நாக்கு நமநமவென்றது. எப்படி ஆரம்பிக்கலாம், எந்த இடத்தில் படிக்கிறவரை நிறுத்தலாம் என்று மளமளவென்று ஓடியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பாலத்தை எடுத்துட்டு வா,” என்றாள்.

ஒரு பாலம்தான் மிச்சம் இருந்தது. அலமாரி மேலிருந்து தூசியோடு இறங்கியது. இரண்டு நாற்காலிகள், நடுவில் தட்டு. தன் வெயில் நாற்காலியைச் சித்தியே இழுத்துவந்து கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முதல் எடை ஏறியது. இரண்டாவது ஏறியது. அக்கா கைத்துணியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அக்கா மகள் பென்சிலை எடுத்து ஓர் இடத்தில் குறுக்கே கோடு போட்டாள், குனிந்து பார்த்தாள், கோட்டை அழித்துவிட்டு விரல் அகலம் தள்ளிப் போட்டாள். முகம் மாறிக்கொண்டே வந்தது. சித்தி இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. ஏதோ ஓர் இணைப்பு நெரிகிற சத்தம் கேட்டதும் காதைப் பாலத்தோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தியின் உதடு எப்போதோ நின்றிருந்தது.

சட்டென்று கண்ணைத் திறந்து அக்கா மகள் அவளைப் பார்த்தாள். “இதை எழுதுன்னு சொல்லப் போறீங்க.”

“இல்ல,” என்றாள் சித்தி. “அடுத்த எடையை வை.”